மீன் செத்த காலையில் நண்டு ஏன் கரையேறியது?

களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா மட்டக்களப்பு வாவியில் தோணி வைத்துத் தொழில் செய்பவர். ஒரு விடியப்புறம் அப்பாவோடு போனபோது மணலை, கொடுவா மீன்கள் செத்து மிதந்தனவாம். அதே இடத்தில் திலாப்பியா உயிரோடு, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததாம். நண்டுகள் கண்ணா மரத்து வேர்களில் ஏறி உட்கார்ந்திருந்தனவாம். "ஒரே தண்ணீர், ஒரே அழுக்கு. சிலது சாகிறது, சிலது சாகவில்லை. மாசைச் சில விலங்குகள் பழகிக்கொள்கின்றனவா? அப்படிப் பழகிக்கொண்ட மீனைத் தின்னலாமா?" இதுதான் அவருடைய கேள்வி.

தம்பி, முதலில் நண்டை விசாரிப்போம். அன்று நடந்ததற்கு அதுதான் சாட்சி.

வயலுக்கு அடித்த பூச்சிமருந்து மழையோடு கழுவுண்டு வாவிக்கு வந்திருந்தால், முதலில் செத்திருக்க வேண்டியவை இறாலும் நண்டும்தான். பூச்சியும் நண்டும் ஒரே கணுக்காலிக் கூட்டத்து உறவினர். பூச்சியின் நரம்பைக் குறிவைத்துச் செய்த மருந்து நண்டின் நரம்பையும் விட்டுவைக்காது. நீங்கள் பார்த்த நண்டுகளோ தெம்பாக வேரேறி இருந்திருக்கின்றன. களி நண்டுக்கு ஒரு வசதி உண்டு: பூ ஈரமாக இருக்கும்வரை காற்றிலிருந்தே அது ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். (பூ என்று நாம் சொல்வதைத்தான் இந்தியப் புத்தகங்களில் செவுள் என்று எழுதுகிறார்கள்.) கயிற்றால் கட்டிய நண்டு சந்தைக் கூடையில் நாள் முழுவதும் உயிரோடு கிடப்பது அதனால்தான். அப்படிப்பட்ட நண்டு தண்ணீரை விட்டு வெளியேறுகிறது என்றால், தண்ணீருக்குள் மூச்சு இல்லை என்று பொருள். அன்று மணலையைக் கொன்றது பெரும்பாலும் நஞ்சு அல்ல, மூச்சுமுட்டல்.

நேரமும் அதற்குப் பொருந்துகிறது. வயல் வட்டையிலிருந்து வடிந்து வரும் உரமும் ஊர்க் கால்வாய்களின் கழிவும் சேர்ந்தால் வாவி நீரில் அல்கா என்னும் நுண்பாசி பெருகித் தண்ணீர் பச்சை பிடிக்கும். பகலில் அந்த அல்கா ஒட்சிசனை உண்டாக்கும். இரவில் அதுவும் மற்ற எல்லாரையும்போல மூச்சுவிடத் தொடங்கிவிடும். அடியில் அழுகிக் கிடக்கும் ஆற்றுவாழைச் செடிகளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வேறு பங்கு கேட்கும். காற்று அசையாத, புழுக்கமான இரவென்றால் மேலிருந்து புதிதாக ஒட்சிசன் கரைவதும் குறைவு. ஆகக் கீழ்நிலைக்கு ஒட்சிசன் வந்து சேரும் நேரம் விடிவதற்குச் சற்று முன். உங்கள் அப்பா வலைக்குப் போகும் நேரமும் அதுதான்.

இங்கே ஒரு கணக்கு. ஒரு லீட்டர் காற்றில் ஏறக்குறைய 280 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கிறது. 30 பாகை செல்சியசில் ஒரு லீட்டர் நன்னீர் தன்னால் முடிந்தவரை கரைத்து வைத்துக்கொண்டாலும் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான். உப்புக் கூடினால் இன்னும் குறையும், சூடு கூடினாலும் குறையும். நல்ல நாளிலேயே மீன் நம்மைவிட முப்பது நாற்பது மடங்கு வறிய கடையில்தான் மூச்சு வாங்குகிறது. லீட்டருக்கு இரண்டு மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் ஓடியாடித் திரியும் பெரும்பாலான மீன்களுக்குச் சாமான் தீர்ந்துவிடும்.

நான் படிப்பித்த காலத்தில் ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடிப் போத்தலில் திலாப்பியாக் குஞ்சு ஒன்றை விட்டு, நிமிடத்துக்கு எத்தனை தடவை பூமூடி அசைகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்வேன். குளிர்ந்த தண்ணீரில் எண்ணுவது எளிது. வெயிலில் வைத்த தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் எண்ணுகிற பிள்ளையின் விரல் தடுமாறத் தொடங்கும். இன்னும் சற்றுப் போனால் குஞ்சு மேலே வந்து, உதட்டை நீர்த்தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். அது காற்றைக் குடிப்பதாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். இல்லை. காற்றோடு உரசிக்கொண்டிருக்கும் மேற்பரப்பு நீரில், ஒரு மெல்லிய தகட்டளவுக்கு, எப்போதும் கொஞ்சம் ஒட்சிசன் இருக்கும். திலாப்பியா அந்தத் தகட்டைத்தான் பூவுக்குள் இழுக்கிறது. உண்மையிலேயே காற்றைக் குடிப்பவை விராலும் பனையேறியும். அவற்றுக்குத் தலைக்குள், பூவுக்கு மேலே, காற்றை வாங்கி வைக்கத் தனி அறை இருக்கிறது. குளம் வற்றிச் சேறான பிறகும் விரால் பிழைத்துக் கிடப்பது அந்த அறையின் புண்ணியம்.

மேலே தெரிவது இவ்வளவுதான். உள்ளே நடப்பது பெரிய அமளி. ஒட்சிசன் குறைந்த கணத்திலேயே அதிரினலின் பாய்கிறது. பூவுக்குள் இரத்தம் ஓடும் இடங்கள் அகல்கின்றன. மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்திருந்த இரத்தச் செங்குழியங்களை வெளியே தள்ளுகிறது. பின்னாலேயே கோட்டிசோல் என்னும் ஓமோன் ஏறி, சேமிப்பிலுள்ள சத்தைக் கரைத்துக் குளுக்கோசாக இரத்தத்தில் விடுகிறது. மணிக்கணக்கில் நெருக்கடி நீடித்தால் கலங்கள் (உயிரணுக்கள்) இன்னொரு ஏற்பாட்டைத் தொடங்குகின்றன. எல்லாக் கலத்திலும் ஒரு புரதம் ஓயாமல் செய்யப்படுகிறது. ஒட்சிசன் இருக்கும்வரை அது செய்யப்பட்ட வேகத்திலேயே அழிக்கவும்படுகிறது. ஒட்சிசன் குறைந்தால் அழிக்கும் வேலை நின்றுவிடும். தப்பிய புரதம் கலத்தின் கருவுக்குள் போய், ஒட்சிசன் இல்லாமல் பிழைப்பதற்கான பரம்பரையலகுகளை எழுப்பிவிடும். அதிகச் செங்குழியம், புதிய இரத்தக் குழாய், ஒட்சிசன் இன்றிச் சத்தை எரிக்கும் நொதியங்கள் (உடலின் வேதிவினைகளை விரைவாக்கும் புரதங்கள்) எல்லாம் அந்த எழுப்புதலால் வருபவை. வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா என்ற மூவருக்கு 2019 இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது இதைக் கண்டறிந்ததற்காகத்தான். இது ஏறக்குறைய எல்லா விலங்குகளுக்கும் பொதுவான பழைய ஏற்பாடு. உங்களிடமும் இருக்கிறது, வாவியின் மீனிடமும் இருக்கிறது.

வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் தங்கமீன் இதில் எல்லாரையும் வென்றுவிட்டது. ஒட்சிசன் அறவே இல்லாதபோது மற்றப் பெரும்பாலான விலங்குகளின் தசையில் இலக்றிக் அமிலம் தேங்கி உடலைப் புளிக்க வைக்கும். தங்கமீன் அதை மதுசாரமாக மாற்றிப் பூவின் வழியே தண்ணீருக்குள் விட்டுவிடும். சாராயம் காய்ச்சிப் பிழைக்கும் மீன் என்று வகுப்பில் சொன்னால் கடைசி வாங்குப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மூச்சோடு முடிந்தால் பரவாயில்லை. நம் வாவியில் உப்பும் ஒரு சோதனை. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குப் படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் இடையில் கிடக்கும் இந்த நீர், மாரியில் ஆற்று வெள்ளம் வந்தால் நன்னீர்போல ஆகிவிடும். ஆற்றுவாய் திறந்து கடல் உள்ளே வந்தால் உப்பேறும். மீனின் இரத்தத்தில் இருக்கும் உப்பு, கடல்நீரில் இருப்பதன் மூன்றில் ஒரு பங்கு அளவு. ஆகவே நன்னீரில் இருக்கும் மீனுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கும், உப்பு கசிந்து வெளியேறும். கடல்நீரில் நேர் எதிர்: மீன் தண்ணீருக்குள்ளேயே காய்ந்துபோகும் அபாயம். நன்னீரில் திலாப்பியா தண்ணீரைக் குடிப்பதைக் குறைத்து, நீர்த்த சிறுநீரை ஏராளமாக வெளியேற்றி, பூவிலுள்ள சில விசேட கலங்களால் உப்பை உள்ளே இழுக்கிறது. கடல்நீரில் அது தண்ணீரைக் குடிக்கிறது. அதே பூவின் கலங்கள் இப்போது உப்பை வெளியே தள்ளுகின்றன. கூலிக்காரர் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். மூட்டை ஏற்றுவதற்குப் பதில் இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழகிய மொசாம்பிக் திலாப்பியா கடலைவிட மூன்று மடங்கு உப்பான நீரிலும் உயிர் தரிக்கும். ஆனால் 'பழகிய' என்ற சொல் முக்கியம். அந்தக் கலங்களை மாற்றியமைக்கச் சில நாட்கள் வேண்டும். நன்னீரில் வளர்ந்ததைத் தூக்கி ஒரேயடியாகக் கடல்நீரில் போட்டால் ஒரே நாளில் செத்துவிடும்.

1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. இந்த மண்ணின் மீன் அல்ல. அது நம் வாவியிலும் குளங்களிலும் இப்படி வேரூன்றியதற்கு இந்த உடலமைப்பு ஒரு பெரிய காரணம். திலாப்பியா துள்ளுவதை வைத்து 'தண்ணீர் நல்லாத்தான் இருக்கிறது' என்று சொல்பவர்களோடு நான் எப்போதும் சண்டை பிடிப்பேன். கடைசியாகச் சாகும் மீனை வைத்துத் தண்ணீரை எடைபோடக் கூடாது.

இனி நஞ்சு. மீனுக்கும் நமக்கும் நஞ்சை முறிக்கும் பட்டறை ஈரல். கொழுப்பில் கரையும் நஞ்சுகளைச் சிறுநீரில் கழிக்க முடியாது. ஈரலின் நொதியங்கள் முதலில் அந்த மூலக்கூற்றில் ஒரு கைப்பிடி வைக்கும். பிறகு அந்தக் கைப்பிடியில் குளுத்தாதயோன் போன்ற, நீரில் கரையும் பொருளொன்றைக் கட்டிப் பித்தத்திலோ சிறுநீரிலோ வெளியேற்றும். சிக்கல் என்னவென்றால், முதல் வேலைக்கும் இரண்டாம் வேலைக்கும் இடையில் சில பொருட்கள் முன்பிருந்ததைவிடக் கொடியவையாகிவிடும். மாலத்தியோன் என்ற பூச்சிமருந்தின் மூல வடிவத்தில் வீரியம் குறைவு. உடலின் நொதியம் கைவைத்த பிறகுதான் அது நரம்பைப் பிடிக்கும் நஞ்சாகிறது. பாலூட்டிகளிடம் அதை வெட்டிப்போடும் வேறு நொதியம் தாராளமாக இருப்பதால் நாம் ஓரளவு தப்புகிறோம், பூச்சி தப்புவதில்லை. புகையிலும் எரிந்த எண்ணெயிலும் உள்ள சில பொருட்களும் அப்படியே. ஈரல் அவற்றைக் கழிக்க முனையும்போதே பரம்பரைப் பொருளைச் சேதப்படுத்தும் வடிவம் பிறக்கிறது. காவற்காரனே கள்ளனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதை.

பார உலோகங்களோ வேறு சாதி. கட்மியத்தையோ இரசத்தையோ (பாதரசம்) எந்த நொதியமும் உடைக்க முடியாது, அது மூலகம். கட்டிப்போடத்தான் முடியும். கட்டுவதற்கு ஒரு சிறிய புரதம் இருக்கிறது, மெற்றலோதயனீன் என்று பெயர். 1957 இல் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். அதன் அமினோ அமிலங்களில் மூன்றிலொரு பங்கு கந்தகம் உள்ளவை. அந்தக் கந்தகம் உலோகத்தைப் பற்றிப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்பும் நாகம் எனும் துத்தநாகமும் உடலுக்குத் தேவை என்பதால் அவற்றை அளந்து கொடுக்க ஏற்பட்ட புரதம், கட்மியம் வந்தால் அதையும் பிடிக்கிறது. உலோகம் ஏறிய நீரில் வாழும் மட்டி, நண்டு, மீன் எல்லாம் இந்தப் புரதத்தைக் கூடுதலாகச் செய்யும். கட்டப்பட்ட உலோகம் அந்த விலங்கைக் கொல்லாது; ஈரலிலும் சிறுநீரகத்திலும் கிடக்கும்.

உங்கள் கடைசிக் கேள்வியின் விடை இங்கேதான் இருக்கிறது. கிடக்கும் என்றேன், போய்விடும் என்று சொல்லவில்லை. உலோகத்தைத் தாங்கப் பழகிய விலங்கு, தாங்காமல் செத்த விலங்கைவிட அதிக உலோகத்தைத் தன்னுள் வைத்திருக்கக்கூடும். தின்பவர்களுக்கு அதுதான் ஆபத்து. கட்மியம் பெரும்பாலும் உள்ளுறுப்புகளில் தங்குவதால் நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் பகுதியை, பலர் விரும்பி உறிஞ்சுவது அதைத்தான், அழுக்கு நீர் நண்டில் தவிர்ப்பது நல்லது. இரசம் அப்படியல்ல, அதன் கரிமச் சேர்வை தசைக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். கழுவினாலும் போகாது, புளி விட்டுக் காய்ச்சினாலும் போகாது. சிறிய மீனைத் தின்னும் பெரிய மீனில் அது கூடுதலாகச் சேரும். மூச்சுமுட்டிச் செத்த மீனில் நஞ்சு இல்லைதானே என்று கேட்பீர்கள். கரையில் நின்று பார்த்து அதை உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. தவிர, சூட்டில் மிதந்த மீன் மணிக்கணக்கில் கெட்டுப்போகும். மிதந்த மீனை எடுக்க வேண்டாம்.

'பழகுதல்' என்ற சொல்லில் இரண்டு காரியங்கள் கலந்துகிடக்கின்றன. ஒரு மீன் தன் ஆயுளுக்குள் நொதியத்தைக் கூட்டிக்கொள்வது ஒன்று. தலைமுறை தலைமுறையாகத் தாங்க முடியாதவை செத்துத் தாங்குபவை மட்டும் பெருகுவது மற்றொன்று. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், ஆலைக் கழிவுகள் பல பத்தாண்டுகள் கொட்டப்பட்ட துறைமுகங்களில் கில்லிமீன் என்ற விரலளவு மீன் வாழ்கிறது. மற்ற இடத்துக் கில்லிமீன்களைக் கொல்லும் அளவைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு நஞ்சை அது தாங்குகிறது. 2016 இல் அதன் பரம்பரையலகுகளைப் படித்தபோது தெரிந்தது வேடிக்கையானது: நஞ்சைக் கண்டவுடன் ஈரலை உசுப்பும் மணியையே அந்த மீன்கள் ஏறக்குறையக் கழற்றி வைத்துவிட்டன. உசுப்பாததால் கேடும் குறைவு. இதைப் படித்துவிட்டு இயற்கை தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம். கில்லிமீன் கோடிக்கணக்கில் இருப்பது, அடிக்கடி குஞ்சு பொரிப்பது, முன்கூட்டியே அதன் கூட்டத்தில் ஏராளமான வேறுபாடு இருந்தது. நான்கைந்து வருடத்துக்கு ஒரு கன்று ஈனும் யானைக்கு அந்த வசதி இல்லை.

யானைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் நம் மாடுகள். 2022 டிசம்பரில் மண்டூஸ் சூறாவளி வங்கக் கடலில் நகர்ந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காற்றில் மாசு கூடியது என்று பள்ளிக்கூடங்களைக் கூட மூடினார்கள். அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் மேய்ச்சல் தரையிலேயே செத்துக் கிடந்தன. நஞ்சு, நோய், காற்று மாசு என்று ஊரில் பல கதைகள். கால்நடைத் துறையினர் சொன்ன காரணம் குளிர். நம்ப முடியாமல் பலர் சிரித்தார்கள். ஐரோப்பாவில் பனியில் மாடு நிற்கிறதே!

நம் நாட்டு மாட்டைச் சற்று உற்றுப் பார்த்தால் சிரிப்பு வராது. குட்டையான வழுக்கு மயிர், தொங்கும் அலைதாடி, அகன்ற காது, நிறைந்த வியர்வைச் சுரப்பிகள். எல்லாமே சூட்டை வெளியே கொட்டுவதற்கு. வெயிலுக்காகச் செய்த வீட்டில் சன்னல் மட்டும்தான் இருக்கும், போர்வை இருக்காது. மழையில் மயிர் நனைந்தால் அதில் தங்கியிருக்கும் காற்றுப்படலம் போய்விடும்; மேலே பலத்த காற்று அடித்தால் உடற்சூடு ஓடிவிடும். மாட்டுக்கு இரண்டு அடுப்புகள் உண்டு. ஒன்று தசையின் நடுக்கம், மற்றது இரைப்பையில் புல் நொதிக்கும்போது வரும் சூடு. வெள்ளக்காட்டில் நாள் கணக்கில் மேயாமல் நின்ற மாட்டுக்கு இரண்டாவது அடுப்பு அணைந்துவிட்டது. முன்பே மெலிந்திருந்தால் நடுங்குவதற்கும் விறகில்லை. எருமையின் கதை எதிர்ப்பக்கம். அதற்கு வியர்வைச் சுரப்பி குறைவு, தோலோ கறுப்பு. அதனால்தான் நண்பகலில் சேற்றில் கிடந்து சூட்டை ஆற்றுகிறது. எருமை கிடக்கும் குட்டையை மூடிவிட்டுப் பால் குறைந்துவிட்டது என்று முறையிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாடானாலும் மீனானாலும் ஒரு விடயம் பொது. நடுங்குவது, உப்பைத் தள்ளுவது, நொதியம் செய்வது, உலோகத்தைக் கட்டுவது எல்லாவற்றுக்கும் சத்து ஒரே சாக்கிலிருந்துதான் வர வேண்டும். வளர்வதற்கும் குஞ்சு பொரிப்பதற்கும் நோயை எதிர்ப்பதற்கும் அதே சாக்குத்தான். 1936 இல் ஹான்ஸ் செலி என்ற மருத்துவர் எலிகளில் இதைக் கவனித்தார்: குளிரோ காயமோ நஞ்சோ எதுவானாலும் உடல் முதலில் பதறுகிறது, பிறகு தாங்குகிறது, நீண்டுகொண்டே போனால் ஓய்ந்துவிடுகிறது. அந்த நடுக்கட்டத்தில் இருக்கும் விலங்கைப் பார்த்துத்தான் நாம் 'பழகிவிட்டது' என்கிறோம். கோட்டிசோல் வாரக்கணக்கில் உயர்ந்தே இருந்தால் மீனின் வளர்ச்சி குன்றும், சினை குறையும், சாதாரணப் பூஞ்சணம்கூடப் புண்ணாக்கிவிடும்.

யானைக்கு வருகிறேன். அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று செத்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். எட்டு வருடத்தில் ஏறத்தாழ இருபது யானைகள் என்று 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. உப்புக்கு ஒரு கலம், நஞ்சுக்கு ஒரு நொதியம், உலோகத்துக்கு ஒரு புரதம் என்று பார்த்தோமே, பொலித்தீனுக்கு உடலில் எதுவுமே இல்லை. யானை தின்பதில் பாதிக்கும் குறைவாகத்தான் செரிக்கும். மீதியை வேகமாகக் கடத்திவிட்டு அடுத்ததைத் தின்பதுதான் அதன் வாழ்க்கை முறை. சாப்பாட்டு மணம் ஒட்டிய பை உள்ளே போனால் கடத்தல் நின்றுவிடும். குடல் அடைபட்ட யானை தின்னாது, குடிக்காது. வயிறு நிறைந்த பட்டினி அது.

கடைசியாக, தம்பி, ஒரு வேலை தருகிறேன். மொசாம்பிக் திலாப்பியாவின் பெண் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். வலையில் பட்டதும் துப்பிவிடும், உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். வசதியான நீரில் அது ஒரு சாணுக்குக் கிட்ட வளர்ந்த பிறகே முட்டையிடத் தொடங்கும். நெருக்கடியில் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, பத்துச் சென்ரிமீற்றர்கூட இல்லாத குட்டையாக இருக்கும்போதே முட்டையிட்டுவிடும். வாயில் முட்டையோடு அகப்படும் மீன்களை ஒவ்வொன்றாக அளவுகோலில் வைத்து நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் திகதி, இடம், ஆற்றுவாய் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதையும் எழுதுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் போன பிறகு அந்தக் கொப்பியை எனக்குக் காட்டுங்கள்.